புள்ளி பதியாத டேப்லெட்: குழந்தைகள் வார்டில் மூன்று ஆண்டுகள்

சார்ஜ் ஏறும் துளை பழுதாகி ஒரு வாரம் கடையில் கிடந்த என் டேப்லெட், முந்தாநாள்தான் கைக்குத் திரும்பியது. குழந்தைகள் வார்டில் புதிதாகச் சேர்ந்துள்ள இளம் மருத்துவர் ஒருவர் தாமும் ஒன்று வாங்கலாமா என்று கேட்டதால் இதை எழுதுகிறேன்.

கனம், பேட்டரி, எட்டு அங்குலத் திரை எதிலும் குறையில்லை; கோட்டுப் பையில் அடங்கிவிடுகிறது. என் கோபமெல்லாம் ஈரக் கைக்குச் சரியாக இணங்காத தொடுதிரையின் மேல்தான். ஒவ்வொரு குழந்தையையும் தொடுவதற்கு முன்னும் பின்னும் சானிடைசர் தேய்க்கிறோம். அது உலர்வதற்குள் தொட்டால், விரலின் மின்தன்மையை உணர்ந்து இயங்கும் இத்திரை ஒரு தொடுதலை இரண்டாக எடுத்துக்கொள்கிறது, அல்லது அறவே விட்டுவிடுகிறது.

ஓர் இரவு, காய்ச்சலோடு வந்த குழந்தையின் எடையை 8.5 கிலோ என்று அழுத்தினேன். புள்ளி பதியாமல் 85 என்று நின்றதை நான் கவனிக்கவில்லை. கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமாலைக் கணக்கிட்ட செயலி, 5 மி.லி.யில் 250 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 25.5 மி.லி. என்று காட்டியது. அதை அப்படியே வாசித்தேன். "என்ன டாக்டர், ஒரு வேளைக்கே பாதி பாட்டிலா?" என்று சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார். கொடுக்க வேண்டியது இரண்டரை மி.லி. குழந்தைகளுக்கென்றே எழுதிய செயலிக்கு, 85 கிலோ என்றதும் ஒரு கேள்வி கேட்கத் தெரியவில்லையே என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்று முதல் எடையைக் கேஸ் ஷீட்டில் பேனாவால் எழுதி, சிஸ்டரையும் ஒருமுறை வாசிக்கச் சொன்ன பிறகே கணக்கைத் தொடுகிறேன்.

ஆனால் அதே திரையில் உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி வரைபடத்தைத் திறந்தால், மனம் இளகிவிடுகிறது. எடை குறைந்து சேர்ந்திருந்த ஒரு குழந்தையின் தாய், அட்டையில் நான் பலமுறை குறித்துக் காட்டியும் நிமிராதவர், திரையில் இயல்பான எடையைக் காட்டும் கோட்டை நோக்கி ஏறியிருந்த புள்ளியின் மேல் விரலை வைத்து, "இதுதான் எம்புள்ளையா?" என்று கேட்டார். பெரிதாக்கிக் காட்டினேன், போன மாதத்துப் புள்ளியிலிருந்து இந்த மாதத்துப் புள்ளிவரை விரலால் மெதுவாக இழுத்துப் பார்த்தார். டேப்லெட் இல்லாத வாரத்தில் நான் தேடியது இதைத்தான், மருந்துக் கணக்கை அல்ல.

இருந்தும் இன்று கேட்டால், வாங்க வேண்டாம் என்றே அந்த இளம் மருத்துவரிடம் சொல்வேன். பழுது பார்த்தவர்கள் திரைமேல் புதுக் கண்ணாடி ஒன்றையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று இரவு டியூட்டியில் மூன்று முறை அழுத்திய பிறகுதான் 6.2 என்பதில் புள்ளி விழுந்தது.