விரலா, ஸ்லைடா, வேமி பாரா: லீட் கிட்டாரைப் பாட வைக்க எது முதலில்?

தடைக்காலம் வந்தால் பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்துப் பையன்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கரையில் நிற்கும், கையில் 61 நாள் இருக்கிறது, கோயில் பாடகர் குழுவில் கார்டு வாசித்துப் பழகியாயிற்று, இனி சோலோ வாசிக்க வேண்டும், அந்த சோலோக்களில் கிட்டார் கெஞ்சுகிறது, அழுகிறது, பாடுகிறது, அது எப்படி வருகிறது, எதை வாங்கி எங்கிருந்து தொடங்குவது? கீழக்கரையிலும் ராமநாதபுரத்திலும் கல்லூரியில் படிக்கிற பிள்ளைகள் மே விடுமுறையில் இதையேதான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே மொத்தமாக எழுதுகிறேன்.

வழி மூன்று. விரலால் கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றுவது ஸ்டிரிங் பெண்டிங். கண்ணாடிக் குழாயையோ உலோகக் குழாயையோ விரலில் மாட்டிக்கொண்டு கம்பியின் மேல் வழுக்கிப் போவது ஸ்லைடு. கிட்டார் உடலில் கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜில் மாட்டியிருக்கும் தண்டை அழுத்துவதும் தூக்குவதும் வேமி பார். கழுத்தில் வீணை மெட்டு மாதிரி பதித்திருக்கும் ஃபிரெட் கட்டம் போட்டுப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு சுரங்களுக்கு நடுவில் போய்வருவதுதான் மூன்றுக்கும் நோக்கம். நம் காதுக்கு இது புதிதே இல்லை. வீணையில் ஒரே மெட்டின் மேல் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்து மேல் சுரங்களைத் தொடுகிறார்கள், கோட்டுவாத்தியத்தில் மெட்டே கிடையாது, உருளையை வழுக்கித்தான் அத்தனையும். பெண்டிங் வீணைக்குப் பக்கம், ஸ்லைடு கோட்டுவாத்தியத்துக்குப் பக்கம்.

நான் விரலைத்தான் முதலில் சொல்வேன், அதுவும் தயங்காமல். பெண்ட் செய்யும்போது புறப்படுகிற சுரத்தை ஃபிரெட் சரியாகக் கொடுத்துவிடுகிறது, போய்ச் சேருகிற சுரம் மட்டும்தான் உங்கள் காதின் பொறுப்பு. ஒரு முனை கெட்டியாக இருப்பதால் மறுமுனை தப்பும்போது எவ்வளவு தப்பியது என்று காதுக்கு உடனே தெரிகிறது. ஸ்லைடில் இரண்டு முனையும் உங்கள் தலையில். வேமி பாரில் தண்டை எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு இறங்கும் என்பது ஸ்பிரிங்கைப் பொறுத்தும் கிட்டாரைப் பொறுத்தும் மாறும், போதாததற்கு ஆறு கம்பியும் சேர்ந்தே நகரும், அதுவும் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில். காது இன்னும் பழகாதவர் எதிலிருந்து தொடங்குவது என்று இதை வைத்தே முடிவு செய்யலாம்.

ஸ்லைடைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளியே தெரியாமல் ஊர்ந்து போவதில் அதை விரல் இழுப்பு எட்டவே எட்டாது, விரலால் ஏற்றுவது பொதுவாக இரண்டு ஃபிரெட் தூரம், மிஞ்சினால் மூன்று நான்கு. ஸ்லைடு ஒரே மூச்சில் கழுத்து முழுவதும் போகும். விஸ்வ மோகன் பட் கிட்டாரை மோகன வீணையாக மாற்றி இந்துஸ்தானி ராகங்களை முழுமையாக வாசிக்கிறார் என்றால் அதற்கு ஸ்லைடுதான் அடிப்படை. ஆனால் குழாயை ஃபிரெட் கம்பிக்கு நேர் மேலே வைக்க வேண்டும், கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் சுருதி விலகும், கம்பியை அழுத்தவும் கூடாது. ஆக்ஷன், அதாவது ஃபிரெட்டுக்கு மேல் கம்பி நிற்கிற உயரம், கூடுதலாக இருந்தால்தான் குழாய் ஃபிரெட்டில் இடிக்காது, அந்த உயரத்தில் சாதாரணமாகக் கார்டு பிடிப்பது சிரமம். குழாய்க்குப் பின்னால் இருக்கும் கம்பி இரையாமல் மற்ற விரல்களால் அடக்கவும் வேண்டும். பலர் இதற்காகக் கிட்டாரை ஓபன் ஜி, ஓபன் டி என்று, எதையும் பிடிக்காமல் மீட்டினாலே ஒரு கார்டு ஒலிக்கும்படி மாற்றிச் சுருதி கூட்டுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு கார்டு வாசிக்கிற அதே கிட்டாரில் இதையும் செய்வது நடக்காது, இரண்டாவது கிட்டார் வேண்டும்.

புளூஸ் கிட்டார் கலைஞர் பி.பி.கிங் இங்கே நல்ல உதாரணம். அவருடைய உறவினர் புக்கா ஒயிட் ஸ்லைடு வாசிப்பவர், அந்த ஒலி கிங்குக்கு ரொம்பப் பிடித்திருந்தது, ஆனால் ஸ்லைடு அவர் கைக்கு வரவில்லை. அந்த நடுக்கத்தை வெறும் விரலில் கொண்டுவரப் பார்த்ததில்தான் தன்னுடைய வைப்ரேட்டோ பிறந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஸ்லைடின் அழகில் பெரும்பகுதியை விரலுக்குள் கொண்டுவர முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இன்னொரு புளூஸ் கலைஞர் ஆல்பர்ட் கிங்கையும் கேளுங்கள். இடக்கைக்காரர், வலக்கைக் கிட்டாரைத் தலைகீழாகப் பிடித்து வாசித்தவர், மெல்லிய கம்பிகள் மேல்பக்கம் இருந்ததால் மற்றவர்கள் தள்ளுகிற இடத்தில் அவர் கீழ்நோக்கி இழுத்தார், அதனால் அவருடைய பெண்டுகள் அவ்வளவு அகலமாகவும் கனமாகவும் இருக்கும்.

வேமி பார் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்ற எலக்ட்ரிக் கிட்டார் வந்ததிலிருந்து அந்தத் தண்டு பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது, ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் மாதிரி ஒருவர் கையில் அது மனிதக் குரலாகவே மாறியது. ஆனால் அவர் காது எந்த உயரத்தில் இருந்தது என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். ஸ்பிரிங்கின் இழுப்பில் உடலைத் தொடாமல் நிற்கிற மிதக்கும் பிரிட்ஜ் உள்ள கிட்டாரில் ஒரு கம்பியைத் தள்ளினால் பிரிட்ஜ் முன்னால் சாய்ந்து மற்றக் கம்பிகளின் சுருதி இறங்கிவிடும், கீழே நான் சொல்லப்போகிற முக்கியமான பயிற்சியே அதில் கெட்டுப்போகும். அப்புறம் கடல் காற்று. ஸ்பிரிங்கும் திருகும் கூர்முனையும் துருப்பிடித்தால் தண்டை விட்ட பிறகு சுருதி பழைய இடத்துக்குத் திரும்பாது. கையில் ஏற்கெனவே அப்படிப்பட்ட கிட்டார் இருந்தால் பின்பக்க ஸ்பிரிங்குகளை இறுக்கி பிரிட்ஜை உடலோடு ஒட்ட வைத்து நகராமல் செய்துவிட்டுப் பழகுங்கள்.

சரி, எந்தக் கிட்டார்? பாடகர் குழுவில் இருப்பது பெரும்பாலும் 12-53 கம்பி (முதல் கம்பி, கடைசிக் கம்பியின் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போட்ட அக்கூஸ்டிக். அதில் பெண்ட் கற்கலாமா என்றால், அரை ஸ்டெப், அதாவது ஒரு ஃபிரெட் தூரம் வரைக்கும் சரி. முழு ஸ்டெப், அதாவது இரண்டு ஃபிரெட் தூரம் ஏற வேண்டுமானால் அதிர்வெண் 12 சதவீதம் கூட வேண்டும், அதற்குக் கம்பியின் இழுவிசை ஏறக்குறைய 26 சதவீதம் ஏற வேண்டும். தடித்த கம்பியில் இந்தக் கால்பங்குக் கூடுதல் சின்ன விஷயம் இல்லை. அதைவிடப் பெரிய தடை மூன்றாவது கம்பி. அக்கூஸ்டிக்கில் அது சுற்றுக்கம்பி, எலக்ட்ரிக்கில் வெறும் கம்பி. சுற்றுக்கம்பியை அதே தூரம் தள்ளினாலும் சுருதி குறைவாகவே ஏறும், லீட் வாசிப்பில் அதிகம் இழுபடுகிற கம்பியே அதுதான். அக்கூஸ்டிக்கில் பழகினால் விரல் பலம் வரும், அப்புறம் எலக்ட்ரிக் சுலபமாகும் என்று சொல்வார்கள். பலம் வரும்தான், ஆனால் அந்தப் போராட்டத்தில் காது கவனிக்காமல் போய்விடும். பழைய எலக்ட்ரிக், அசையாத பிரிட்ஜ், ஹெட்போன் மாட்டுகிற சின்ன ஆம்ப், இது போதும். வாங்கும் முன் முதல் இரண்டு கம்பிகளை 12-வது ஃபிரெட்டுக்கு மேலே ஒவ்வோர் இடத்திலும் முழு ஸ்டெப் ஏற்றிப் பாருங்கள், நடுவில் ஒலி செத்துப்போனால் ஆக்ஷன் ரொம்பத் தாழ்வாக இருக்கிறது அல்லது ஃபிரெட் தேய்ந்திருக்கிறது. வளைவு அதிகமான பழைய பாணிக் கழுத்திலும் இப்படி ஆகும்.

கம்பி 9-42 செட்டா, 10-46 செட்டா? பொதுவாக எல்லோரும் 9 சொல்வார்கள், படிக்கிற பிள்ளைகளுக்கு நானும் அதையே சொல்கிறேன். ஆனால் வலைக்கயிறு இழுத்துக் காய்ப்பு ஏறிய கைக்கு 10 தான் பொருந்துகிறது. அந்தக் கையில் வலு குறைவாக இருப்பதில்லை, கூடுதலாக இருக்கிறது, 9 போட்டால் சேர வேண்டிய சுரத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கழுத்தின் நீளத்தையும் பாருங்கள்: ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகை 25.5 அங்குலம், லெஸ் பால் வகை 24.75 அங்குலம், இரண்டிலும் ஒரே செட் போட்டால் குட்டையானதில் இறுக்கம் குறைவாக இருக்கும். புளூஸ் கிட்டார் கலைஞர் ஸ்டீவி ரே வான் 13 போட்டார் என்று கேள்விப்பட்டு அதை வாங்காதீர்கள், அவர் அரை ஸ்டெப் இறக்கிச் சுருதி வைத்திருந்தார், கையும் வேறு மாதிரி.

இந்தக் கரையில் எந்த செட் என்பதைவிட அது எவ்வளவு நாள் வழவழப்பாக இருக்கும் என்பதும் பெரிய கேள்வி. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா, கச்சான் அடித்தாலும் வாடை அடித்தாலும் காற்றில் உப்பு. துரு ஏறிய கம்பி விரல் தோலையும் ஃபிரெட்டையும் உராய்ந்து பிடிக்கும், பெண்ட் சீராக ஏறாமல் படிப்படியாகத் தத்தும், கற்பவர் தன் விரலில்தான் குறை என்று நினைத்துக்கொள்வார். பூச்சுக் கம்பி விலை கூடுதல்தான், ஆனால் மதுரைக்குப் போய் வாங்கி வரவோ கூரியருக்குக் காத்திருக்கவோ வேண்டிய ஊரில் அது மிச்சம்தான். சுவரில் மாட்டி வைக்காதீர்கள், வாசித்து முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியின் அடிப்பக்கம் வரை துடைத்து, பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி வையுங்கள்.

கை வைக்கும் முறை பெரிய ரகசியம் இல்லை. மோதிர விரல் சுரத்தில், நடுவிரலும் ஆள்காட்டியும் அதே கம்பியில் பின்னால் துணைக்கு, கட்டைவிரல் கழுத்தின் மேல் விளிம்பில். விரலை நீட்டித் தள்ளாமல் சாவி திருப்புகிற மாதிரி மணிக்கட்டைத் திருப்புங்கள். முதல் மூன்று கம்பிகளை மேலே தள்ளுவது, தடித்த கம்பிகளைக் கீழே இழுப்பது. ஆள்காட்டியின் நுனி மேல் கம்பியைத் தொட்டு அடக்க வேண்டும், இல்லாவிட்டால் பெண்டை இறக்கும்போது பக்கத்துக் கம்பி சத்தம் போடும்.

காதைப் பழக்குவதில் மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. டியூனர் முள்ளைப் பார்த்துப் பெண்ட் செய்வது ஒன்று. அது உண்மையைச் சொல்லும், ஆனால் கண்ணுக்குச் சொல்லும், முள் இல்லாத மேடையில் அது உதவாது. தம்புரா செயலியை ஓடவிட்டு அதன் மேல் வாசிப்பது இன்னொன்று, நல்லது, ஆனால் தொடக்கத்தில் கொஞ்சம் மங்கல். நான் முதலில் வைப்பது யூனிசன் பெண்ட், ஒரு கம்பியை ஏற்றிப் பக்கத்துக் கம்பியின் சுரத்தோடு சேர்ப்பது. இரண்டாவது கம்பி 5-வது ஃபிரெட்டை ஆள்காட்டியால் பிடியுங்கள், அது ஈ. மூன்றாவது கம்பி 7-வது ஃபிரெட் டி, அதை மோதிர விரலால் ஏற்றுங்கள். இரண்டையும் சேர்த்து மீட்டினால் சுருதி நெருங்கும்போது ஒலி அலை அலையாகத் துடிக்கும், நெருங்க நெருங்கத் துடிப்பு மெதுவாகும், சேர்ந்த நொடியில் நின்றுவிடும். உறுதியான சுரம் பக்கத்துக் கம்பியிலேயே இருக்கிறது, தப்பைக் காது நேராகக் கேட்கிறது. மிதக்கும் பிரிட்ஜில் அந்த உறுதியான சுரமே நழுவிவிடும் என்பதால்தான் மேலே அவ்வளவு சொன்னேன்.

டேப், அதாவது எந்தக் கம்பியில் எந்த ஃபிரெட் என்று எண்ணால் எழுதிய தாளைப் பார்த்துக் கற்பதா, கேட்டுக் கற்பதா என்பதில் எனக்கு இரண்டு எண்ணம் இல்லை. டேபில் ஓர் அம்புக்குறி போட்டு முழு ஸ்டெப் என்று இருக்கும், எவ்வளவு வேகமாக ஏறியது, மேலே எவ்வளவு நின்றது, எங்கே நடுங்கியது, எதுவும் இருக்காது. பாடிப் பாருங்கள். ஏ மைனர் பென்டடானிக் நமக்கு சுத்த தன்யாசியின் சுரங்கள்தான்: ஏ-யை ச என்று வைத்தால் சி க, டி ம, ஈ ப, ஜி நி. மூன்றாவது கம்பியில் மேலே செய்தது ம-விலிருந்து ப. இரண்டாவது கம்பி 8-வது ஃபிரெட்டை முழு ஸ்டெப் ஏற்றினால் நி-யிலிருந்து மேல் ச. வாயால் பாட வருகிறவருக்கு இந்த இரண்டு இடமும் சீக்கிரம் பிடிபடும், நம் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகள் இதில் நகரத்துப் பிள்ளைகளைவிட முன்னால் இருக்கிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இதெல்லாம் கைவந்த பிறகு பிரீ பெண்ட்: மீட்டும் முன்பே கம்பியை ஏற்றி வைத்து, பிறகு மீட்டி, மெதுவாக இறக்குவது. ஏற்றும்போது காது வழிகாட்டாது, விரலின் நினைவுதான். சுரத்தை ஆட்டி நடுங்க வைக்கிற வைப்ரேட்டோ அதற்கும் பிறகு, ஏறிய சுரம் நிலையாக நிற்காமல் அதை ஆட்டினால் தப்பு மூடிக்கொள்ளும், திருந்தாது. கடைசியாகக் கால் பெண்ட், அதாவது கால் ஸ்டெப் அளவு ஏற்றுவது. மூன்றாவது கம்பி 5-வது ஃபிரெட்டில் இருக்கும் சி-யை அடுத்த ஃபிரெட்டின் சுரம் வரை கொண்டுபோகாமல் வழியிலேயே நிறுத்துவது, புளூஸ் சோலோவின் உயிர் அங்கேதான் இருக்கிறது. நாகஸ்வரத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கேட்டவருக்கு ஒரு காந்தாரம் எவ்வளவு இடம் எடுத்துக்கொள்ளும் என்று தெரியும், புளூஸ் காந்தாரத்தின் போக்கு வேறு, ஆனால் அந்த நுட்பத்துக்குத் திறந்த காது இங்கேயும் வேலை செய்யும். இதற்கு எந்த ஃபிரெட்டும் சேருமிடம் காட்டாது, பக்கத்துக் கம்பியும் உதவாது. ஏ7 கார்டைப் பதிவு செய்து பின்னால் ஓடவிட்டு, அந்த சி-யை ஒவ்வொரு முறையும் மயிரிழை கூடுதலாக ஏற்றி வாசித்து, கார்டோடு எந்த இடத்தில் ஒட்டுகிறது என்று கேட்டுப் பாருங்கள்.