ஃபிரிட்ஜ் எவ்வளவு கரண்ட் தின்கிறது? பிளக் மீட்டரோடு சில வருடங்கள்

எங்கள் ஃபிரிட்ஜ் 2018-ல் வாங்கியது. 260 லிட்டர், இரட்டைக் கதவு, ஃபிராஸ்ட் ஃப்ரீ, இன்வெர்ட்டர் கம்ப்ரசர், 3 ஸ்டார். மதுரையில், மேற்கு வெயில் நேராக விழும் சமையலறையில் ஓடுகிறது. இடையில் ஒரு ரிப்பேரைத் தவிர, குளிர்ச்சியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பால் திரிந்ததில்லை, மாவு மூன்றாம் நாளும் தாங்குகிறது. நான் சொல்ல வந்தது கரண்ட் கணக்கு. வாங்கிய கொஞ்ச நாளிலேயே செலவாகும் யூனிட்டைக் காட்டும் ஒரு பிளக் மீட்டரைச் சாக்கெட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் செருகிவிட்டேன். அவ்வப்போது அதைப் பார்த்துக் குறித்து வைப்பது இன்னும் தொடர்கிறது.

ஸ்டார் லேபிளில் ஆண்டுக்கு 230 யூனிட் என்று போட்டிருந்தது, அதாவது நாளுக்கு சுமார் 0.63. மார்கழியில் என் மீட்டரும் ஏறக்குறைய அதையேதான் காட்டுகிறது. கத்திரி வெயிலில் 0.9 வரை போனது. அதே பெட்டி, அதே ஆட்கள், அதே சாமான். லேபிளில் இருப்பது சோதனைக்கூடத்தில் கதவைத் திறக்காமல் அளந்த எண் என்றாலும், வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் கதவு இல்லை.

ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குவதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே போடுகிறது. எங்கள் பெட்டியின் குழாய்களில் சுற்றி வரும் கேஸ் ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 11.7 டிகிரியில் கொதிக்கும், அழுத்தத்தை இன்னும் குறைத்தால் அதற்கும் கீழே. ஃப்ரீசருக்குப் பின்னால் உள்ள குழாயில் அது கொதித்து ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளிருந்து உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை அழுத்திச் சூடாக்கி, கன்டன்சர் என்ற வெளிப்பக்கக் குழாய்க்குத் தள்ளுகிறது. அங்கே அறைக் காற்றுக்கு வெப்பத்தைக் கொடுத்துவிட்டுத் திரவமாகிறது. பிறகு கேபிலரி என்ற மெல்லிய செம்புக் குழாய் வழியே நுழையும்போது அழுத்தம் விழுந்து, மறுபடி குளிர்ந்து, ஆவியாகப் போகிறது. அவ்வளவுதான் சுற்று.

கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க மோட்டாருக்கு வேலை கூடுகிற மாதிரிதான் இதுவும். எவ்வளவு கீழிருந்து எவ்வளவு மேலே வெப்பத்தை ஏற்றுகிறோம் என்பதுதான் செலவைத் தீர்மானிக்கிறது. எடுத்த வெப்பத்தை, செலவான மின்சாரத்தால் வகுத்தால் கிடைப்பது சி.ஓ.பி. இயற்கை விதி அனுமதிக்கும் உச்ச அளவு, குளிர்ந்த பக்கத்தின் கெல்வின் வெப்பநிலையை (செல்சியஸோடு 273 கூட்டியது) இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்தது. உள்ளே குழாய் மைனஸ் 25, வெளியே கன்டன்சர் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 248-ஐ 70-ஆல் வகுக்க வேண்டும், 3.5 வரும். கன்டன்சர் 35-லேயே நின்றால் 4.1. பத்து டிகிரிக்கு ஆறில் ஒரு பங்கு. மே மாதத்தில் கூடுகிற செலவில் ஒரு பகுதி இங்கிருந்து வருகிறது. வெப்பமான அறையிலிருந்து சுவர் வழியே கசிந்து உள்ளே வரும் வெப்பமும் அப்போது கூடுகிறது என்பது மீதிக் கதை.

நம் பெட்டி நிஜத்தில் எவ்வளவு தருகிறது என்று வீட்டிலேயே பார்க்கலாம். 32 டிகிரியில் இருந்த 10 லிட்டர் தண்ணீரைப் பாட்டில்களில் இரவு உள்ளே வைத்து, காலையில் 5 டிகிரிக்கு வந்திருப்பதைத் தெர்மாமீட்டரில் உறுதி செய்துகொண்டேன். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு டிகிரி குளிர 4.19 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். ஆக 10 × 4.19 × 27, அதாவது ஏறத்தாழ 1,130 கிலோஜூல். ஒரு யூனிட் 3,600 கிலோஜூல் என்பதால், யூனிட்டில் சொன்னால் 0.31. பாட்டில் வைக்காத இரவோடு ஒப்பிட்டால் மீட்டர் சுமார் 0.2 கூடுதலாகக் காட்டியது. ஆக சி.ஓ.பி. ஒன்றரையை ஒட்டி. இடையில் பனியை உருக்கும் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் ஓடினால் கணக்கு கெடும், அதனால் இது தோராயம்தான். ஆனாலும் வீட்டு ஃபிரிட்ஜுக்கு நம்பக்கூடிய எண். ஏசி லேபிளில் இதே மாதிரியான திறன் எண் 5 என்று இருப்பதைப் பார்த்துவிட்டு இது மட்டம் என்று நினைக்க வேண்டாம். ஏசி பத்து டிகிரி பக்கத்திலிருந்து தூக்குகிறது, இது மைனஸ் 25-லிருந்து.

இந்த எண் கையில் இருந்தால் வீட்டுச் சண்டைகளும் தீரும். கதவைத் திறந்தால் உள்ளிருக்கும் காற்று முழுவதும் மாறினாலும், ஈரப்பதத்தையும் சேர்த்து, ஒரு தடவைக்கு 0.004 யூனிட்டுக்கு மேல் போகாது. 80 டிகிரிச் சாம்பார் மூன்று லிட்டரை அப்படியே உள்ளே வைத்தால் 0.17 யூனிட். நாற்பது தடவை கதவைத் திறப்பதற்குச் சமம்! பிள்ளைகளைத் திட்டுவதை விட்டுவிட்டு, குழம்பை ஒரு தாம்பாளத் தண்ணீரில் வைத்து ஆறவிட்டு உடனே உள்ளே எடுத்து வைக்கிறோம். வெளியே மணிக்கணக்கில் கிடக்க விடக்கூடாது, அது வேறு ஆபத்து.

அப்புறம் இடம். இந்த மாடல்களில் கன்டன்சர் குழாய் பக்கவாட்டுத் தகடுகளுக்கு உள்ளே ஒளிந்திருக்கிறது. புதிதில் தகடு சுட்டதும் வீட்டில் பயந்தார்கள். அது சுட வேண்டும். வெப்பம் வெளியேறும் வழியே அதுதான். அந்தத் தகட்டை அலமாரிக்குள் நெருக்கி அடைத்தால், மேலே சொன்ன 45 டிகிரி 50-க்குப் போகும். எங்களுடையதைச் சமையல் மேடையிலிருந்து தள்ளி, இரு பக்கமும் பின்னாலும் நாலு விரற்கடைக்கு மேல் இடம் விட்டதும் கோடைக் கணக்கு 0.9-லிருந்து 0.8 ஆனது. பணமாகப் பார்த்தால் சின்ன விஷயம், இரண்டு மாத பில்லில் ஆறு யூனிட். ஏற்கெனவே 500 யூனிட் விளிம்பில் நிற்பவர்களுக்குத்தான் அந்த ஆறு உறைக்கும். ஆனால் கம்ப்ரசரின் உழைப்பு குறைகிறது, எனக்கு அதுதான் முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. இடையில் ஒருமுறை குளிர்ச்சி குறைந்தபோது வந்த மெக்கானிக், பார்த்தவுடனே “கேஸ் கம்மியாயிருக்கு, போட்டுரலாம்” என்றார். இது பெட்ரோல் இல்லை, ஓட ஓடத் தீர. மூடிய சுற்று. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடித்து அடைக்காமல் கேஸ் மட்டும் போட்டால் காசு போச்சு. ஐசோபியூட்டேன் தீப்பிடிக்கும் என்பதால், கசியும் இடத்தை அடைக்கும் வேலையையும் பழகிய ஆளிடம்தான் விட வேண்டும். எங்களுக்குக் கடைசியில் பிரச்சினை, டீஃப்ராஸ்ட் சென்சார் கெட்டு ஃப்ரீசர் குழாயில் பனி மூடியதுதான். கேஸ் அப்படியே இருந்தது.

போன வருடம் கதவைச் சுற்றியுள்ள ரப்பர் கேஸ்கட்டையும் மாற்றினோம். பத்து ரூபாய் நோட்டை இடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினால், கீழ் மூலையில் தடையில்லாமல் வழுக்கி வந்தது. புதியதில் இழுத்தால் பிடிக்கிறது. மீட்டரில் அதற்கான வித்தியாசம் தெரியவில்லை, ஆனால் கீழ்த் தட்டில் தண்ணீர் சொட்டுவது நின்றுவிட்டது.