டிபிஎல்பி: ஆய்வுமுறை கற்கும் கணினி அறிவியல் மாணவருக்கு முதல் கருவி

நம் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்பவர்கள் கோர்ஸ் ஒர்க்கில் ஆய்வுமுறையியல் என்றொரு தாளை எழுதியே ஆக வேண்டும். கருதுகோள், மாதிரி எடுத்தல், டி-சோதனை, வினாநிரல் தயாரித்தல் என்று எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக வகுக்கப்பட்ட அந்தத் தாளும், அதனுடன் சேரும் ஆய்வு மற்றும் வெளியீட்டு அறநெறி என்னும் 2 கிரெடிட் பாடமும் பயனற்றவை அல்ல. ஆனால் கணினி அறிவியலில் ஒரு முடிவு முதலில் எங்கே வெளியாகிறது, அதை யார் தொடர்ந்து வளர்க்கிறார்கள், எந்தப் பெயரில் தேடினால் அது கிடைக்கும் என்ற கேள்விகளுக்கு அவற்றில் விடை கிடைப்பதில்லை. இந்தக் குறையை நிரப்ப நான் மாணவர்களுக்கு முதலில் பரிந்துரைப்பது எந்தக் காணொளிப் பாடத்தையும் அல்ல. கற்பிப்பதைத் தன் நோக்கமாகவே சொல்லிக்கொள்ளாத டிபிஎல்பி என்னும் நூல்விவரத் தளத்தை. அதன் பயனையும் குறைகளையும் ஆய்வு தொடங்கும் ஒருவரின் கோணத்திலிருந்து இங்கே மதிப்பிடுகிறேன்.

ஜெர்மனியின் டிரியர் பல்கலைக்கழகத்தில் மிகைல் லை என்பவர் 1993 இல் இதைத் தொடங்கினார். தரவுத்தளம், தருக்க நிரலாக்கம் ஆகிய இரு துறைகளின் மாநாட்டு உள்ளடக்கப் பக்கங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்த சிறு முயற்சி அது. இன்று ஷ்லோஸ் டாக்ஸ்டூல் என்னும் தகவலியல் ஆய்வு மையம் இதை நடத்துகிறது. கணினி அறிவியல் முழுவதையும் தழுவி 70 லட்சத்துக்கும் அதிகமான வெளியீடுகளின் விவரங்கள் இதில் உள்ளன. கட்டணம், விளம்பரம், உறுப்பினர் பதிவு எதுவும் கிடையாது. பக்கங்கள் எழுத்து மட்டுமே கொண்டவை என்பதால் கல்லூரி விடுதியின் மெதுவான இணைப்பிலும் தடையின்றித் திறக்கின்றன. தரவு முழுவதும் எவரும் எந்த நிபந்தனையுமின்றிப் பயன்படுத்தக்கூடிய உரிமத்தில் எக்ஸ்எம்எல் கோப்பாகக் கிடைப்பதால், அதை இறக்கி இணையாசிரியர் வலைப்பின்னல்களை ஆராய்வதையே ஒரு பயிற்சித் திட்டமாக எடுத்துக்கொள்ளலாம்.

தளத்தில் இல்லாதவற்றையும் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கட்டுரையின் சுருக்கம் இங்கே இருக்காது. பிடிஎஃப் கோப்பும் இருக்காது, அது உள்ள பதிப்பகப் பக்கத்துக்கான இணைப்பு மட்டுமே இருக்கும். மேற்கோள் எண்ணிக்கையும், அதை வைத்து ஆய்வாளரை அளவிடும் எச்-இன்டெக்ஸும் இல்லை. வெளித்தளங்களிலிருந்து மேற்கோள் பட்டியலை வரவழைக்கும் வசதி உண்டு என்றாலும், பயனரின் தனியுரிமை கருதி அது அணைத்தே வைக்கப்பட்டிருக்கிறது. வேண்டுமானால் நாமே இயக்கிக்கொள்ள வேண்டும். எண்களைப் பார்த்துக் கட்டுரையின் தரத்தை முடிவுசெய்யப் பழகிவிட்ட மாணவருக்கு இந்த வெறுமை முதலில் ஏமாற்றமாக இருக்கும். எனக்கோ இதுவே தளத்தின் சிறப்பாகப் படுகிறது.

உண்மையான பாடம் மாநாட்டுப் பக்கங்களில்தான் இருக்கிறது. வேதியியலிலோ உயிரியலிலோ மாநாடு என்பது பேசிவிட்டு வரும் இடம். முழுமையான முடிவு ஆய்விதழில்தான் வரும். கணினி அறிவியலின் பல கிளைகளில் நிலைமை இதற்கு நேர்மாறானது. கடுமையான மதிப்பாய்வைக் கடந்து மாநாட்டில் வெளியாகும் கட்டுரையே அந்த ஆய்வின் முதன்மை வெளியீடு. இதை வகுப்பில் பலமுறை சொன்னாலும் மாணவர் மனத்தில் ஏறுவதில்லை. டிபிஎல்பியில் தரவுத்தளத் துறையின் முதன்மை மாநாடுகளில் ஒன்றான விஎல்டிபியின் பக்கத்தைத் திறந்து, 1975 இல் நடந்த முதல் மாநாட்டிலிருந்து ஆண்டுவாரியாக இறங்கி வரச் சொன்னால் தானாக விளங்கிவிடுகிறது. அமர்வுத் தலைப்புகளும் அவற்றின் கீழ் கட்டுரைத் தலைப்புகளும் வரிசையாக இருக்கும். ஒரு காலத்தில் மூன்று அமர்வுகளை நிரப்பிய பொருள் பிறகு ஒரே கட்டுரையாகச் சுருங்குவதையும், எங்கோ ஓரத்தில் இருந்த சொல் சில ஆண்டுகளில் தனி அமர்வாகி விரிவதையும் தலைப்புகளை மட்டும் படித்தே கண்டுகொள்ளலாம். தம் துறையின் முதன்மையான இரண்டு மாநாடுகளின் கடந்த ஐந்து ஆண்டுத் தலைப்புகளை முழுவதும் படித்து, ஒவ்வொன்றையும் எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறது என்ற அடிப்படையில் பிரித்து வரும்படி புதிய மாணவரிடம் சொல்லுங்கள். இணையத்தில் அகப்பட்ட முப்பது கட்டுரைகளின் சுருக்கங்களை அட்டவணையில் ஒட்டி லிட்ரேச்சர் சர்வே என்று கொண்டுவரும் வழக்கம் அதோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

அதே விஎல்டிபி பக்கத்தில் 2008 ஆம் ஆண்டைத் தாண்டினால் இன்னொரு செய்தி காத்திருக்கிறது. அவ்வாண்டு முதல் அம்மாநாட்டின் கட்டுரைகள் பிவிஎல்டிபி என்னும் ஆய்விதழாக வெளியாகத் தொடங்கின. மாதந்தோறும் கட்டுரை அனுப்பலாம், திருத்தி மறுபடியும் அனுப்பலாம், ஏற்கப்பட்டது மாநாட்டில் படைக்கப்படும் என்ற முறை இன்று அங்கே வழக்கம். ஆய்விதழா மாநாடா என்ற பிரிவு எவ்வளவு செயற்கையானது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேட வேண்டியதில்லை. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகள், ஆய்வேட்டைச் சமர்ப்பிக்குமுன் கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கிவிட்டன. ஆனாலும் ஸ்கோப்பஸ் என்னும் மேற்கோள் தரவுத்தளத்தின் பட்டியலில் உள்ள ஆய்விதழில் கட்டுரை வேண்டும் என்று தம் அளவில் விதி வைத்திருக்கும் நிறுவனங்கள் உண்டு. அந்த விதிக்குள் இயங்கும் மாணவர் தம் துறையில் இத்தகைய இரட்டை நிலை கொண்ட வெளியீடுகள் எவை என்று அறிந்துவைத்திருப்பது நல்லது.

ஆசிரியர் பக்கங்களும் இதே அளவுக்குப் பயன் தருபவை. ஒருவரின் வெளியீடுகள் அனைத்தும் ஆண்டு வரிசையில் நிற்க, அருகில் இணையாசிரியர், மாநாடு, ஆண்டு என்று வடிகட்டும் பட்டியல் இருக்கும். பிடித்த கட்டுரையொன்றின் ஆசிரியரை எடுத்து, அவருடைய முதல் கட்டுரையிலிருந்து மேல்நோக்கிப் படித்துவந்தால், ஒரு பெரிய முடிவுக்கு முன் அவர் எத்தனை சிறிய, பெயர் பெறாத கட்டுரைகளை எழுதியிருக்கிறார் என்பது தெரியவரும். ஒவ்வொரு பதிவின் பக்கத்திலும் உள்ள நிறக் குறியையும் கவனிக்க வேண்டும்: மாநாட்டுக் கட்டுரைக்கு நீலம், ஆய்விதழ்க் கட்டுரைக்குச் சிவப்பு, மதிப்பாய்வுக்கு உட்படாத முன்பதிப்புகளுக்குச் சாம்பல். இந்தச் சாம்பல் நிறம் மாணவர்களுக்கு மிக அவசியமான எச்சரிக்கை. முன்பதிப்புகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளத்தில் கிடைத்ததை அப்படியே மேற்கோள் காட்டுவது இன்று தொற்றுநோய்போல் பரவியிருக்கிறது. இன்றைய பெரிய மொழி மாதிரிகளுக்கு அடிப்படையான டிரான்ஸ்ஃபார்மர் கட்டமைப்பை அறிமுகப்படுத்திய கட்டுரை 2017 ஜூனில் ஆர்க்கைவில் வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் நிப்ஸ் என்னும் இயந்திரக் கற்றல் மாநாட்டில் முறையாக வெளியானது. டிபிஎல்பியில் இரண்டும் தனித்தனிப் பதிவுகளாக நிற்கின்றன. மதிப்பாய்வு முடிந்த வடிவம் ஒன்று இருக்கும்போது அதையே சுட்ட வேண்டும் என்பதை இங்கே ஒரு நிமிடத்தில் சரிபார்த்துக்கொள்ளலாம்.

தேடல்தான் தளத்தின் பெரிய பலவீனம். தலைப்பு, ஆசிரியர், வெளியீட்டிடம், ஆண்டு ஆகியவற்றில் மட்டுமே தேட முடியும் என்பதால், பொருள் சார்ந்த தேடலை இதை மட்டும் நம்பிச் செய்யக் கூடாது. கட்டுரையாளர் தலைப்பில் வேடிக்கையான பெயர் ஒன்றைச் சூட்டி, பொருளைச் சுருக்கத்தில் மறைத்திருந்தால் அது அகப்படாது. தட்டிய எழுத்துகளில் தொடங்கும் எல்லாச் சொற்களையும் தளம் கொண்டுவந்து கொட்டும். குறிப்பிட்ட சொல் மட்டும் வேண்டுமானால் அதன் இறுதியில் டாலர் குறியிட வேண்டும் என்பதும், மாற்றுச் சொற்களுக்கிடையே செங்குத்துக் கோடு போட வேண்டும் என்பதும் உதவிப் பக்கத்தைப் படிக்காதவருக்குத் தெரியாது. ஆகவே முறையான இலக்கிய மீளாய்வு செய்பவர் வேறு தரவுத்தளங்களையும் சேர்த்துத்தான் தேட வேண்டும். தொடக்கக் கட்டுரைகள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை மேற்கோள் காட்டியவற்றுக்குப் பின்னோக்கியும், அவற்றை மேற்கோள் காட்டியவற்றுக்கு முன்னோக்கியும் செல்லும் பனிப்பந்து முறையை கிளாஸ் வோலின் 2014 இல் மென்பொருள் பொறியியலாளர்களுக்காக நெறிப்படுத்தினார். அதில் தொடக்கத் தொகுப்பை வெவ்வேறு ஆசிரியர், ஆண்டு, மாநாடு என்று பரவலாகத் தேர்வது முக்கியம்; அந்தப் பகுதிக்கு டிபிஎல்பி மிகப் பொருத்தமானது. முன்னோக்கிச் செல்வதற்கு கூகுள் ஸ்காலர் போன்ற ஒன்று வேண்டும். தமிழ் மொழிச் செயலாக்கத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு ஏசிஎல் ஆந்தாலஜி என்னும் மொழிச் செயலாக்கக் கட்டுரைக் களஞ்சியம் இதைவிட வசதியானது. அங்கே சுருக்கமும் முழுக் கட்டுரையும் இலவசமாகவே கிடைக்கின்றன.

இன்னொரு தவறான எண்ணத்தையும் களைய வேண்டும். டிபிஎல்பியில் இடம்பெற்றிருப்பது தரச்சான்று ஆகாது. தளத்தினர் எதையும் கண்ணை மூடிக்கொண்டு சேர்ப்பதில்லை என்றாலும், சிறந்த மாநாடும் சுமாரான மாநாடும் இங்கே ஒரே எழுத்துருவில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கும். "எங்கள் மாநாடு டிபிஎல்பியில் உள்ளது" என்று மின்னஞ்சலில் விளம்பரம் வந்தால் அதில் மயங்க வேண்டாம். முந்தைய ஆண்டுப் பக்கத்தைத் திறந்து அங்கே எழுதியவர்கள் யார், அவர்கள் வேறு எங்கெல்லாம் எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். பல்கலைக்கழகங்களைத் துறைவாரியாக வரிசைப்படுத்தும் சிஎஸ்ரேங்கிங்ஸ் தளம் டிபிஎல்பியின் தரவையே பயன்படுத்தினாலும், எந்த மாநாடுகளைக் கணக்கில் சேர்ப்பது என்பதை அதுவே தனியாகத் தீர்மானிக்கிறது.

லாட்டெக் என்னும் ஆவண வடிவமைப்பு மென்பொருளில் எழுதுபவர்களுக்கு ஒவ்வொரு பதிவுக்கும் அதற்கேற்ற பிப்டெக்ஸ் என்னும் மேற்கோள் விவர வடிவம் ஆயத்தமாகக் கிடைக்கிறது; கூகுள் ஸ்காலர் தருவதைவிடப் பெரும்பாலும் பிழை குறைவு. மாநாட்டின் பெயரோடு நாள், ஊர், நாடு எல்லாம் சேர்ந்து இரண்டு மூன்று வரிக்கு நீள்வதுதான் தொல்லை. பக்க வரம்பு உள்ள கட்டுரைக்குச் சுருங்கிய வடிவத்தைத் தேர்ந்துகொள்ளலாம்.

தமிழர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது பெயர்ச் சிக்கல். ஒரே பெயருடைய பலர் இருந்தால் தளம் நான்கு இலக்க எண் சேர்த்து அவர்களைப் பிரிக்கிறது. வெய் வாங் போன்ற சீனப் பெயர்களில் இந்த எண் நூறையும் தாண்டிவிட்டது. நமக்குள்ள சிக்கல் வேறு விதமானது. தலைப்பெழுத்தோடு எஸ். கார்த்திகேயன் என்று ஒரு கட்டுரையிலும், பதிப்பகத்தின் படிவம் குடும்பப் பெயர் கேட்டதால் கார்த்திகேயன் சுந்தரம் என்று அடுத்ததிலும், சுந்தரம் கார்த்திகேயன் என்று மற்றொன்றிலும் எழுதுபவர் தளத்தில் மூன்று மனிதர்களாகச் சிதறுவார்; வெறும் எஸ். கார்த்திகேயன் என்ற பக்கத்திலோ வெவ்வேறு ஊர்க்காரர்களின் கட்டுரைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கும். தளத்தினருக்கு எழுதித் திருத்தம் கேட்கலாம், ஒரே ஆளின் பல பெயர் வடிவங்களை ஒரே பக்கத்தில் இணைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. ஆனால் முதல் கட்டுரையை அனுப்புமுன்பே பெயரின் ஒரு வடிவத்தை நெறியாளரோடு பேசி முடிவுசெய்து, ஆய்வாளர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஆர்கிட் என்னும் தனி அடையாள எண்ணைப் பெற்று, ஒவ்வொரு கட்டுரையிலும் இரண்டையும் மாறாமல் குறிப்பிட்டுவந்தால் அந்தக் கடிதப் போக்குவரத்துக்கே தேவை இருக்காது.