ஏழு வருடமாக என் கிளாம்ப் மீட்டர்

ஒயரை வெட்டாமல், தாடையால் கவ்வியே கரண்டை அளக்கிற கருவி. 2018-ல் சென்னை ரிச்சி தெருவில் ஆயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கியது. வீட்டுக்கு வந்ததும் ஆசையாக அயர்ன் பாக்ஸ் ஒயரைக் கவ்வ விட்டேன். பூஜ்யம். திருப்பிப் பிடித்தாலும் பூஜ்யம். மறுநாள் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், கடைக்காரர் மீட்டரைக் கையில்கூட வாங்கவில்லை. "முழு ஒயரையும் கவ்வினா எப்படி சார் காட்டும்? போற கரண்டும் வர்ற கரண்டும் ஒண்ணையொண்ணு அடிச்சிடும். ஒத்தை ஒயரைப் பிடிங்க" என்றார்.

அன்றைக்கே பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றும் தனித்தனி ஒயராக ஓடும் ஒரு குட்டி எக்ஸ்டென்ஷன் பெட்டி செய்தேன். இன்றுவரை எதை அளந்தாலும் அதன் வழியாகத்தான்.

மீட்டர் வாங்குகிறவர்கள் முதலில் மின்தடையை அளக்கும் ஓம் பக்கம்தான் திருப்புவார்கள். நானும் அப்படித்தான். ஆனால் இத்தனை வருடத்தில் நான் மிகக் குறைவாகப் பயன்படுத்தியது அதைத்தான். பழைய 100 வாட் குண்டு பல்பு ஒன்றை அதில் வைத்தால் 40 ஓம் சுமார் காட்டும். அதை நம்பி 230-ஐ 40-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 6 ஆம்ப்ஸ் வரும். கீசர் இழுக்கிற கரண்ட்! எரியவிட்டு அளந்தால் 228 வோல்ட், 0.43 ஆம்ப்ஸ். வகுத்தால் 530 ஓம், பெருக்கினால் 98 வாட்ஸ். இழை கொதிக்கும்போது அதன் மின்தடை பத்து மடங்குக்கு மேல் ஏறிவிடுகிறது. ஓடும்போது எடுத்த வோல்டேஜும் கரண்டும் கையில் இருந்தால், ஓமையும் வாட்ஸையும் ஒரு வகுத்தலும் ஒரு பெருக்கலும் சொல்லிவிடும்.

(0.43-ஐ இந்த மலிவு மீட்டர் நேரடியாக ஒழுங்காகக் காட்டாது. ஒத்தை ஒயரைத் தாடைக்குள் பத்துச் சுற்று சுற்றினால் 4.3 என்று காட்டும், பத்தால் வகுத்துக்கொள்ளலாம்.)

ஹீட்டர் ராடு அப்படியில்லை. நிக்ரோம் கம்பி சூட்டுக்கு அவ்வளவாக மாறாது. குளிர்ந்தபோதும் 52 ஓம், ஓடும்போதும் 52 ஓம். சாயங்காலம் தண்ணீர் சூடாக ஏன் இவ்வளவு நேரம் என்று வீட்டில் புலம்பல் வந்தபோது அளந்தேன்: 204 வோல்ட், 3.9 ஆம்ப்ஸ். 796 வாட்ஸ்தான். ராடின் மேல் 1000 வாட்ஸ் என்று போட்டிருப்பது 230 வோல்ட்டுக்கு. வோல்டேஜ் 11 சதவீதம் விழுந்தால் கரண்டும் அதே அளவு விழுகிறது, இரண்டும் சேர்ந்து சூட்டில் 20 சதவீதம் போய்விடுகிறது. ராடு மேல் தப்பில்லை.

இந்த மீட்டர் போட்ட காசை எடுத்தது மூன்றாம் வருடம். கீசர் போட்டால் பாத்ரூம் வெளிச்சுவரில் லேசாக எரிந்த வாடை. கீசர் ஓடாதபோது அந்த போர்டில் 228 வோல்ட். போட்டதும் 214. மெயின் பாக்ஸில் மட்டும் 228 அசையவே இல்லை. அப்படியானால் அந்த 14 வோல்ட் வழியில் எங்கேயோ விழுகிறது. கரண்ட் 8.1 ஆம்ப்ஸ். 14-ஐ 8.1-ஆல் வகுத்தால் 1.7 ஓம். நடுவில் இருப்பது போகவர 30 மீட்டர் ஒன்றரை ஸ்கொயர் (1.5 சதுர மி.மீ. தடிமன்) காப்பர் ஒயர். அதற்கு அரை ஓம்கூட வரக்கூடாது. பெருக்கினேன்: 113 வாட்ஸ். சுவருக்குள் ஒரு குண்டு பல்பு எரிகிற மாதிரி.

எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் சிரித்தார். "வோல்டேஜ் டவுன் ஆகுறது சகஜம்தான் தம்பி." மெயினை அணைத்து ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தபோது சிரிப்பு நின்றது. முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்; டேப் கருகி ஒயர் மேலேயே உருகி ஒட்டியிருந்தது, காப்பர் கறுத்துப் பொடியாக உதிர்ந்தது. வெட்டிவிட்டு கனெக்டர் போட்டு முறுக்கினார். அப்புறம் கீசரோடு 224. விழுவது 4 வோல்ட்தான், அதுவும் ஒயர் நீளம் முழுக்கப் பரவி விழுகிறது.

குறைகளும் உண்டு. மோட்டார் என்று வந்தால் பெருக்கல் ஏமாற்றும். எங்கள் 1 ஹெச்பி போர் மோட்டாருக்கு 225 வோல்ட், 6.8 ஆம்ப்ஸ், பெருக்கினால் 1530. ஆனால் வீட்டு மீட்டரில் ஒரு மணி நேரத்துக்கு ஏறுவது 1.1 யூனிட், அதாவது 1100 வாட்ஸ்தான். மிச்சம் பவர் ஃபேக்டர் கணக்கு: வோல்டேஜும் கரண்டும் ஒரே நேரத்தில் ஏறி இறங்காததால் வேலைக்கு வராத பங்கு. என் கிளாம்ப் மீட்டருக்கு அது தெரியாது. எல்இடி பல்பு, பிஎல்டிசி ஃபேன் இவற்றிலும் இது தப்பாகவே காட்டும், சீரில்லாத அலையாக வரும் கரண்டையும் சரியாக அளக்கிற ட்ரூ ஆர்எம்எஸ் வசதி இதில் இல்லை. கவ்வி அளப்பது ஏசி கரண்டை மட்டும் என்பதால், டிசியாக ஓடும் இன்வெர்ட்டர் பேட்டரி கரண்டையும் பார்க்க முடியாது. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரி இறங்கினால் வோல்டேஜைக் கூட்டிக் காட்டும். ஒருமுறை 260 என்று பார்த்து பதறிப்போய் ஃப்ரிட்ஜை அணைத்திருக்கிறேன்.

ஏழு வருடத்தில் மூன்று 9 வோல்ட் பேட்டரி, ஒரு ஜோடி புரோப் ஒயர். டயல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, வோல்ட் இடத்தில் இரண்டு முறை தட்டித்தான் நிறுத்த வேண்டும். இப்போது வாங்குவதாக இருந்தால் கூடுதலாகக் கொடுத்து ட்ரூ ஆர்எம்எஸ், டிசி கிளாம்ப் இரண்டும் உள்ளதாகப் பார்ப்பேன். எக்ஸ்டென்ஷன் பெட்டி மட்டும் பழசே போதும்.