கார் எந்த வழியா வந்துச்சு? பீரியட் படத்துக்குப் பழைய சைக்கிளா, பழைய காரா

போன மாசியில் சென்னையிலிருந்து ஒரு புரொடக்‌ஷன் மேனேஜர் போன் செய்தார். "அண்ணே, கதை 1962ல நடக்குது. ராமேஸ்வரம். ஹீரோயினோட அப்பா கார்ல வந்து இறங்குறாரு. உங்ககிட்ட அம்பாசடர் இருக்காமே?"

இருக்கிறது. கூடவே ஒன்பது பழைய சைக்கிளும் இருக்கிறது. ஒன்பதும் ஒரு நாள் போனால் கிடைக்கிற வாடகையை விட, கார் மட்டும் போனால் எனக்குக் கூடுதல். இருந்தாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "தம்பி, அந்தக் கார் எந்த வழியா வந்துச்சு?" என்று கேட்டுவிட்டேன்.

அவருக்குப் பிடிபடவில்லை. பாம்பன் சாலைப் பாலம் திறந்தது 1988 அக்டோபரில். அதற்கு முன்னால் தீவுக்குள் போக 1914இல் திறந்த ரயில் பாலம் உண்டு, இல்லாவிட்டால் படகு. 1962இல் ராமேஸ்வரத்தில் காரே இருந்திருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. இருந்தால் அது ரயிலிலோ படகிலோ ஏறித்தான் வந்திருக்க வேண்டும். இந்தப் பக்கக் கரையில் இருக்கிற மண்டபம் ஊரிலிருந்து நேராக ஓட்டிக்கொண்டு வந்து கோயில் வாசலில் ஹாரன் அடிக்க முடியாது. தனுஷ்கோடிக் கதை என்றால் இன்னும் சிக்கல். 1964 டிசம்பர் புயல் அடிக்கும்வரை ஜனங்கள் போட் மெயில் ரயிலில் வந்து இறங்கி, அங்கே கப்பல் ஏறி இலங்கையின் தலைமன்னார் போனார்கள். இன்றைக்குத் தனுஷ்கோடிக்கு அப்பால் தீவின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை போகிற தார்ச்சாலை 2017இல் வந்தது. அதன்மேல் அம்பாசடரை நிறுத்தி '1960' என்று எழுத்துப் போட்டால் எங்கள் ஊர்க் கிழவிகள் தியேட்டரிலேயே சிரிப்பார்கள்.

அதனால் இந்த ராமநாதபுரம் கரையில் சைக்கிளா காரா என்று யோசிக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, கதை பாலத்துக்கு எந்தப் பக்கம் நடக்கிறது என்பதைத்தான். கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி, ராமநாதபுரம் டவுன் என்றால் கார் தாராளமாக வரலாம். கீழக்கரையில் இலங்கை வியாபாரம் செய்த வீட்டு வாசலில் ஒரு கார் நின்றால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். தீவுக்குள் என்றால் சைக்கிள், குதிரை வண்டி, மாட்டு வண்டி.

அடுத்தது வருஷம். கார் தன் வயதைத் தானே சொல்லிவிடும். அம்பாசடர் 1950களின் கடைசியில்தான் வந்தது. ஆனாலும் சுதந்திரப் போராட்டக் கதைக்கு அம்பாசடர் கேட்டு எனக்குப் போன் வந்திருக்கிறது! நாற்பதுகள் என்றால் மோரிஸ், ஆஸ்டின், ஃபோர்டு மாதிரி ஒன்றைத் தேட வேண்டும். அறுபதுகளுக்கு ஃபியட் 1100, மெட்ராஸிலேயே செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் பொருந்தும். அம்பாசடரிலேயே மார்க் 1, மார்க் 2, மார்க் 3 என்று கிரில் மாறிக்கொண்டே போகும். என்னுடையது மார்க் 3. எழுபதுகளுக்கு முந்தைய கதைக்கு அது முகத்தைக் காட்டக் கூடாது. பின்பக்கமாகவோ தூரத்திலோ வைத்து எடுத்துக்கொள்ளச் சொல்வேன். நம்பர் பலகை தனிக் கதை. டி.என். 65 என்ற வரிசையெல்லாம் 1989க்கு அப்புறம் வந்தது. அதற்கு முன்னால் எம்.டி.யூ மாதிரி மூன்றெழுத்து, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்து. பெயின்டர் கையால் எழுதின பலகையாக இருந்தால் ரொம்பச் சரி.

சைக்கிளிடம் இந்தப் பிடுங்கல் கிடையாது. ராடு பிரேக், 28 இஞ்ச் சக்கரம், முழு செயின் கவர் போட்ட கறுப்பு வண்டி முப்பதுகளிலும் அப்படித்தான் இருந்தது, எண்பதுகளிலும் ஏறக்குறைய அப்படியே இருந்தது. 1980இல் வாங்கின ஒரு வண்டியின் ரிஃப்ளெக்டரையும் ஸ்டிக்கரையும் கழற்றிவிட்டால் 1945க்கு நிற்கும். கேமரா கிட்டே போகும்போதுதான் மாட்டிக்கொள்வோம். முன்கழுத்தில் இருக்கும் பேட்ஜைப் பாருங்கள். ராலேயில் கொக்குத் தலை, பி.எஸ்.ஏ.வில் சாய்த்து வைத்த மூன்று துப்பாக்கி. ஹம்பர் என்றால் பேட்ஜே வேண்டாம், முன் ஃபோர்க்கில் பக்கத்துக்கு இரண்டு குழாய் ஓடும். ஹெர்குலிஸை அம்பத்தூரில் செய்ய ஆரம்பித்தது 1951இல். அதற்கு முந்தைய கதைக்கு இங்கிலாந்து ஹெர்குலிஸ்தான் வேண்டும். ஹீரோ பேட்ஜ் சுதந்திரத்துக்கு முன்னால் இருக்கவே முடியாது.

அப்புறம் யாரும் நினைத்துப் பார்க்காத ஒன்று: வில்லை. அந்தக் காலத்தில் சைக்கிளுக்கு வரி கட்டி வில்லை வாங்கி மாட்ட வேண்டும். ராத்திரி விளக்கில்லாமல் போனாலும் டபுள்ஸ் அடித்தாலும் போலீஸ் பிடிக்கும். என் ராலேயில் ஒரு தகர வில்லை இருக்கிறது, எழுத்தெல்லாம் தேய்ந்து போனது. ஆர்ட் டைரக்டர்கள் வண்டியை விட்டுவிட்டு அதைத்தான் கையில் பிடித்துப் பார்ப்பார்கள். மீன்காரர் வண்டி என்றால் பின்னால் பனையோலைப் பெட்டி கட்ட வேண்டும். ஒருமுறை தெர்மகோல் பெட்டியோடு ஷாட் வைத்துவிட்டு, மானிட்டரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

புதுப்பித்தது என்றாலே பளபளப்பு என்று நினைப்பது இரண்டுக்கும் கெடுதல், காருக்கு ரொம்பவே. இங்கே மதிய வெயில் கடலிலும் மணலிலும் பட்டுத் திரும்புகிறது. இன்றைய பெயின்ட் அடித்த காரின் கதவில் மொத்த யூனிட்டும் தெரியும்: ரிஃப்ளெக்டர், குடை, டீ கிளாஸோடு நிற்கிற பையன் உட்பட. மங்கலாக்குகிற ஸ்பிரே அடித்து, அதன்மேல் முல்தானி மெட்டியைத் தூவித் தூசி காட்டுவார்கள். சாயங்காலம் அதைக் கழுவி எடுப்பது என் பாடு. சைக்கிளில் பளபளப்பதே ரிம்மும் ஹேண்டில்பாரும்தான். தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, கொஞ்சம் மண்ணைத் தேய்த்தால் வேலை முடிந்தது. அதனால் என் வண்டிகளை நான் முழுசாகப் புதுப்பிப்பதில்லை. பேரிங், பிரேக் கட்டை, டயர் எல்லாம் புதிது. மேல் பெயின்ட் பழசு. கார் வைத்திருக்கிறவர்கள் இதற்குச் சம்மதிக்க மாட்டார்கள். டிங்கரிங்குக்குக் கொட்டின காசு அவர்கள் கண்ணை விட்டுப் போகாது.

கொண்டுவருவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்து ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். பழைய காரை அவ்வளவு தூரம் ஓட்டாமல் லாரியில் ஏற்றுவதுதான் நல்லது. ஒன்பது சைக்கிளும் சாக்கு விரித்த ஒரு குட்டி யானை லோடு வண்டியில் வந்துவிடும்.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2021இல் வந்த விதிப்படி ஐம்பது வருஷம் தாண்டிய வண்டியை வின்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். அப்படிப் பதிந்த வண்டியை வணிகத்துக்காகச் சாலையில் ஓட்டக் கூடாது. வாடகைக்கு ஷூட்டிங் என்றால் அது எந்தப் பதிவில் இருக்கிறது என்று முன்பே ஆர்.சி.யை வாங்கிப் பாருங்கள். சைக்கிளுக்கு ஆர்.சி. ஏது!

கார் ஜெயிக்கிற இடமும் உண்டு, மறைக்க மாட்டேன். ஒரு பெரிய மனிதர் வந்து இறங்குவதைச் சைக்கிளில் காட்ட முடியாது. கதவு திறக்கிற சத்தம், முதலில் கீழே வைக்கிற செருப்பு, தெருப்பிள்ளைகள் பானட்டைத் தொட்டுப் பார்ப்பது என்று அரை நிமிஷத்தில் அவருடைய வசதி பூராவும் வந்துவிடும். இரண்டு பேர் நாலு பக்க வசனம் பேசவும் கார்தான் வசதி. மணலில் மட்டும் இறக்காதீர்கள். என் அம்பாசடரை ஒருமுறை யூனிட் ஆட்கள் பேச்சைக் கேட்டு இறக்கிவிட்டு, பத்து மீனவர்கள் சேர்ந்து இழுத்து எடுத்தார்கள். சைக்கிளும்தான் மணலில் ஓடாது. ஆனால் ஓடாத சைக்கிளை ஓர் ஆள் தள்ளிக்கொண்டு போனால் அதுவே காட்சி.

அந்த மேனேஜர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டார். ஹீரோயினின் அப்பா ரயிலில் வந்து குதிரை வண்டி ஏறுவதாக மாற்றிவிட்டார்களாம். கார் வேண்டாம், நாலு சைக்கிள் போதும். எனக்குத்தான் நஷ்டம். சரி என்று வாடகையோடு ஒரு நிபந்தனை வைத்தேன்: ஒவ்வொரு நாளும் பேக்கப் ஆனதும் வண்டிக்கு ஒரு குடம் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், போர்த் தண்ணீர் கூடாது, அது உப்பு. தலையாட்டினார்கள். கச்சான் காற்று அடிக்கிற ஆனி மாதம், ஆறு நாள் வேலை. திரும்பி வந்த நாலில் மூன்று சுத்தமாக இருந்தன. நாலாவது அந்த ராலே. மூன்று தடவை கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டேன், இன்னும் ஃப்ரீவீலுக்குள் மணல் நெறுநெறுக்கிறது.