பிங்க் ஃப்ளொய்டா, யெஸ்ஸா?

முற்போக்கு றொக் இசையை (நீண்ட பாடல்களும் மாறும் தாளங்களும் கொண்ட றொக் வகை) எதிலிருந்து கேட்கத் தொடங்குவது என்று தம்பிமார் இருவர் கேட்டதால், பிங்க் ஃப்ளொய்ட் குழுவின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’ (1973), யெஸ் குழுவின் ‘குளோஸ் ரு த எட்ஜ்’ (1972) ஆகிய இசைத்தொகுப்புகளை எதிரெதிரே வைக்கிறேன்.

நீளம்: முன்னையது ஏறக்குறைய 43 நிமிடங்கள். பின்னையதில் மூன்றே பாடல்கள். முதலாவது மட்டும் 18 நிமிடங்களைத் தாண்டும்.

பயணம்: கிளிநொச்சியிலிருந்து வவுனியா செல்லும் பேருந்தில், சாரதி தன் பாட்டை உரக்கப் போட்டிருக்கையில், யெஸ்ஸின் தாளமாற்றங்கள் எவையும் பிடிபடுவதில்லை. ஃப்ளொய்டின் தொடக்க இதயத்துடிப்பும் தொலைந்துவிடும். ஆயினும் அத்தொகுப்பில் கடிகாரங்கள் ஒருமித்து அலறும் இடத்தில், என் காதொலிபேசியிலிருந்து கசிந்த ஓசைக்கே பக்கத்து இருக்கையில் உறங்கிய ஐயா திடுக்கிட்டு எழுந்ததுண்டு.

வயற்காவல்: இங்கே யெஸ்ஸுக்கு நிகரில்லை. இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயலில், பன்றிக்காவலுக்காகக் கொட்டிலில் படுத்திருந்து கேட்டால், முதற்பாடலின் தொடக்கத்தில் வரும் பறவையொலியும் நீரோசையும் அருகிலுள்ள வாய்க்காலின் சலசலப்போடு கலந்து, எது எங்கிருந்து வருகிறது என்பதே தெரியாமற் போகும்.

பொறுமை: ஃப்ளொய்ட் முதல் தடவையிலேயே பிடிக்கும், யெஸ்ஸுக்கு நான்கைந்து தடவைகளாவது வேண்டும்.

ஆகவே, வேலைக்குப் போய்வரும் வழியில் கேட்பவர் ஃப்ளொய்டை எடுக்கலாம். இரவும் தனிமையும் வாய்த்தவர் யெஸ்ஸையே எடுக்கவேண்டும்.