வால் எலும்பு வலிக்கு வாங்கின யு கட் குஷன், நாலு மாசம் யூஸ் பண்ணிட்டு எழுதுறேன்

மார்ச் மாசம் இயர் எண்டிங் கணக்கு முடிக்கிறதுக்காக தினம் பத்து பதினோரு மணி நேரம் வீட்டு டைனிங் சேர்லயே உக்காந்து வேலை பாத்தேன், வெறும் மரச்சேர், கீழ ஒரு துணி கூட கிடையாது. ஏப்ரல்ல ஆரம்பிச்சது. உக்காந்திருக்கும்போது லேசா ஒரு வலி, ஆனா எந்திரிக்கிற அந்த நொடி இருக்கே, வால் எலும்புல சுருக்குனு ஊசி இறங்குற மாதிரி, டேபிள்ல கை ஊனாம எந்திரிக்கவே முடியல.

மொதல்ல மெடிக்கல்ல காத்து ஊதுற ரவுண்ட் ட்யூப் வாங்கினேன், காசு வேஸ்ட். பிசியோ அக்கா கிட்ட காட்டினப்போ தான் புரிஞ்சது, அது மூலத்துக்கு யூஸ் பண்றது, அதோட பின்பக்க வளையம் நேரா வால் எலும்பு மேலயே அழுத்துது. நிமிர்ந்து உக்காந்தா நம்ம எடை பிட்டத்துக்குள்ள இருக்குற ரெண்டு எலும்பு மேல இறங்குமாம், உள்ளங்கைய அடியில வெச்சு உக்காந்தீங்கன்னா அது நல்லாவே தட்டுப்படும். சேர்ல முன்னாடி சறுக்கி வந்து முதுக கூனி உக்காந்தா இடுப்பு பின்னாடி சாஞ்சு அந்த பாரம் வால் எலும்புக்கு போயிடும். அதனால பின்பக்கம் திறந்து இருக்குற யு ஷேப் குஷன் வாங்க சொன்னாங்க.

ஆன்லைன்ல 1,150 ரூபாய், 7 செமீ உயரம், மெமரி ஃபோம். மொத வாரத்துலயே எந்திரிக்கும்போது வர்ற குத்தல் குறைஞ்சது, அது நிஜம். ஆனா சும்மா சேர்ல போட்டு உக்காந்தா போதும்னு நெனைக்காதீங்க, ஏன்னா 7 செமீ உயரம் ஏறினதும் எனக்கு கால் தரையில எட்டல, சேர் விளிம்பு தொடைக்கு அடியில அழுத்தி கால் மரத்துப் போச்சு, குஷன் தான் சரியில்லன்னு நெனச்சு ரிட்டர்ன் போட இருந்தேன். பாட்டி காலத்து மணைப்பலகைய எடுத்து காலுக்கு அடியில போட்டதும் சரியாச்சு! அப்புறம் பாத்தா லேப்டாப் தாழ்ந்து போய் கழுத்து குனியுது, அதுக்கு பழைய ஆடிட் ஃபைல் நாலு அடுக்கி ஸ்கிரீன கண் மட்டத்துக்கு கொண்டு வந்து தனி கீபோர்ட் வாங்கினேன். இடுப்பு வளைவுக்கு குளிக்கிற டவல உருட்டி வெச்சுக்கிறேன், ராபின் மெக்கென்சின்னு நியூசிலாந்து பிசியோ ஒருத்தர் பிரபலமாக்கின முறைன்னு அக்கா சொன்னாங்க, செலவே இல்ல, பலன் நெறைய.

இப்போ குறைகள். மெமரி ஃபோம் 1966ல நாசாவுக்காக விமான சீட்டுக்குன்னு கண்டுபிடிச்ச பொருள், உடம்பு சூட்டுல இளகி நம்ம ஷேப்புக்கு வர்றது தான் அதோட குணமே. நம்ம ஊர் மே மாச வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு ஏசி இல்லாத ரூம்ல அது ரொம்பவே இளகிடுது, வெல்வெட் கவர் வேற வேர்க்குது, மேல பருத்தித் துண்டு விரிச்சுக்கிட்டேன். எனக்கு 58 கிலோ, தாங்குது. வீட்டுக்காரர் 90 கிலோ, அவர் உக்காந்தா ஃபோம் முழுசா அமுங்கி எலும்பு சேர்லயே இடிக்குது. வந்தப்போ ஒரு கெமிக்கல் வாசனை, நிழல்ல மூணு நாள் காத்தாட வெச்சதும் போயிடுச்சு. ரெண்டே மாசத்துல ஜிப் தையல் பிரிஞ்சது, வாரண்டிக்கு நாலு தடவ கால் பண்ணியும் பதிலே வரல, கடைசில தெரு டெய்லர் 30 ரூபாய்க்கு தச்சுக் கொடுத்தார்.

இன்னொன்னு, எவ்ளோ நல்ல குஷனா இருந்தாலும் ரெண்டு மணி நேரம் அசையாம உக்காந்தா வலி திரும்ப வருது. பெரிய வாட்டர் பாட்டில எடுத்து வெச்சுட்டு சின்ன டம்ளர்ல தண்ணி வெச்சுக்கிறேன், தீந்ததும் எந்திரிச்சே ஆகணும், அலாரத்த விட இது எனக்கு நல்லா வேலை செய்யுது. கால் வரைக்கும் வலி இறங்குது, மரத்துப் போகுது, யூரின் போறதுல பிரச்சனை அப்படின்னா தயவு செஞ்சு குஷன் தேடாதீங்க, உடனே டாக்டர பாருங்க.

எனக்கு இப்போ கை ஊனாம எந்திரிக்க முடியுது, அதனால அஞ்சுக்கு மூணரை ஸ்டார் தர்றேன். வீட்டுக்காரருக்கு இன்னும் கெட்டியான ஃபோமா தேடிட்டு இருக்கேன், இந்த தடவ ஆன்லைன்ல இல்ல, அவரையே கடைக்கு கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சு பாத்துட்டு தான் வாங்கணும்.